மரங்களுக்கு நடுவே வாகனப் பாதை: கேற்றை எங்கே வைப்பது?

வீடும் வளவும் – வாசகர் கேள்வி பதில்

மாலபே, பன்னிப்பிட்டி, பிலியந்தலை, ஹோமாகம என்று கொழும்பைச் சுற்றி மரம் நிற்கும் காணி வாங்கியவர்கள் வாகனப் பாதையைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. காணிக்குக் காணி பதில் மாறும். ஆனாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

மாலபேயில் 25 பேர்ச் காணி வாங்கியிருக்கிறோம். ஒழுங்கைப் பக்கம் 60 அடி அகலம், உள்ளே 113 அடி நீளம். ஒழுங்கையில் நின்று பார்த்தால் இடது எல்லையிலிருந்து 14 அடி தள்ளி, 35 அடி உள்ளே ஒரு பெரிய பலா. வலது எல்லையிலிருந்து 6 அடி தள்ளி, 50 அடி உள்ளே ஒரு மா. வலது முன்மூலையில் மின்கம்பம். காணி பின்னோக்கி 4 அடி இறங்குகிறது. வீடு பின்பக்கம் வரும். இடது மதிலோரமாகப் பாதை விட்டால் முன்வளவு முழுதாகக் கிடைக்கும் என்கிறார் மேசன். அப்படிச் செய்யலாமா?
– மாலபே வாசகி

வேண்டாம். இடது மதிலோரம் பாதை விட்டால் பலாவை இழந்துவிடுவீர்கள். பாதை போட்ட வருடம் மரம் பச்சையாகத்தான் நிற்கும். மூன்று, நான்கு வருடம் கழித்து உச்சிக் கொப்புகள் காயத் தொடங்கும். அப்போது பாதையை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் ஒரு அளவு நாடா எடுத்துக்கொண்டு போய், நிலத்திலிருந்து நான்கரை அடி உயரத்தில் பலாவின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை 3.14 ஆல் வகுங்கள். வரும் எண் மரத்தின் விட்டம், அங்குலத்தில். அதே எண்ணை அடியாக எடுத்துக்கொண்டால் அது காக்க வேண்டிய வேர் வட்டத்தின் ஆரம். சுற்றளவு 66 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 21 அங்குலம், வேர் வட்டம் மரத்தைச் சுற்றி 21 அடி. இன்னொரு எல்லையும் உண்டு: விட்டத்தின் மூன்று மடங்கு, அதாவது இந்தப் பலாவுக்கு ஐந்தேகால் அடி. மரத்தைச் சாயாமல் தாங்கும் தடித்த வேர்கள் அதற்குள்தான் புறப்படுகின்றன. அங்கே கிடங்கு வெட்டினால் மரம் காய்வதைவிட, காற்று மழையில் வீட்டின் மேல் சாய்வதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இடது மதிலிலிருந்து ஓரடி விட்டு 10 அடி அகலப் பாதை போட்டால், அதன் ஓரம் பலாவின் நடுவிலிருந்து 3 அடியில் வரும். அந்த ஐந்தேகால் அடிக்குள் அது நன்றாகவே நுழைந்துவிடுகிறது. வலது மதிலோரம் போனால் மாமரம் பாதையின் நட்ட நடுவில் நிற்கும். மின்கம்பத்தையும் நகர்த்த வேண்டும்.

காணிப் படத்தில் இரண்டு வட்டங்களையும் கொம்பஸால் கீறிப் பாருங்கள். மாவின் சுற்றளவு 38 அங்குலம் என்றால் அதன் வட்டம் 12 அடி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி திறந்து தெரியும். இடது எல்லையிலிருந்து 33 அடியில் தொடங்கி 43 அடியில் முடியும் ஒரு பட்டை அது. பலாப் பக்கம் 2 அடி, மாப் பக்கம் 1 அடி மட்டும் வேர் வட்டத்தைத் தொடும். உங்கள் பாதை அதிலேயே போகட்டும். முன்வளவு இரண்டாகப் பிரியும் என்பது உண்மைதான். ஆனால் இடப்பக்கத்தில் பலா நிழலோடு 30 அடிக்கு மேல் அகலமான ஒரு துண்டு மிஞ்சும். மதிலோரம் கிடைக்கும் பெரிய வெறும் வளவைவிட அது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

வட்டத்துக்குள் வரும் பகுதி, ஒழுங்கையிலிருந்து ஏறக்குறைய 26 அடிக்கும் 55 அடிக்கும் இடைப்பட்டது. அந்த 30 அடி நீளத்தில் மண்ணை வெட்டக் கூடாது. மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணில்தான் படர்ந்திருக்கும்; பாதைக்காக 8 அங்குலம் வெட்டினாலே அவற்றில் நிறையப் போய்விடும். புல்லைக் கையால் செருக்கி எடுங்கள். நிலத்தின் மேல் தண்ணீர் புகும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் தேன்கூடு போன்ற ஜியோசெல் சட்டத்தை இழுத்து ஆணியடித்து, தூள் கலவாத முக்கால் அங்குல மெட்டலால் (உடைத்த கருங்கல்லால்) நிரப்புங்கள். மெட்டலைப் பாதையின் ஒழுங்கைப் பக்க முனையிலிருந்து கொட்டிக் கொட்டி முன்னேற வேண்டும். அப்படிச் செய்தால் டிப்பர் வெறும் மண்ணில் ஏறாது, மெட்டலின் மேலேயே நிற்கும்.

மெட்டலின் மேல் கால் அங்குலச் சல்லி ஒன்றேகால் அங்குலம் பரப்பி இன்டர்லொக் கல் பதிக்கலாம். இந்தப் பகுதியில் கல் தூள் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழைக்கு அது மெட்டல் இடைவெளிக்குள் இறங்கிவிடும், மேலே கல் பள்ளம் விழும். 60 அடிப் பாதையின் மற்ற 30 அடியில் வழக்கம்போல் வெட்டி, 6 அங்குலம் ஏபிசி (மெட்டலும் தூளும் கலந்த அடித்தளக் கலவை) போட்டு இறுக்கி, கல் தூள் பரப்பலாம். வெட்டாத பகுதி அரை அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் என்பதால், இரண்டையும் ஏற்றமாக இணைக்கக் குறைந்தது 8 அடி நீளம் ஒதுக்குங்கள்.

அளவுகளைப் பார்ப்போம். பாதை 60 அடிக்கு 10 அடி, 600 சதுர அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. வெட்டும் பகுதிக்கு இறுக்கிய பின் ஒன்றரைக் கியூப் ஏபிசி தேவை. இறுகும்போது குறையும் என்பதால் 2 கியூப் இறக்குங்கள். வெட்டாத பகுதிக்கு மெட்டல் ஒன்றேமுக்கால் கியூப். சல்லியும் கல் தூளும் தலா மூன்றிலொரு கியூப் போதும். வாகனப் பாதைக்குக் கல் 80 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும்; 60 மில்லிமீற்றர் நடைபாதைக்கு உரியது. 200க்கு 100 மில்லிமீற்றர் கல் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 50 கற்கள், உடைவோடு சேர்த்து மொத்தம் 2,930. மீன்முள் கோலத்தில் பதிக்கச் சொல்லுங்கள். நேர்வரிசையில் பதித்தால் பிரேக் பிடிக்கும் இடத்தில் கற்கள் வரிசை வரிசையாக நகரும். இரண்டு ஓரத்திலும் கேர்ப் கல் கட்டாயம்.

இனித் தண்ணீர். ஓர் அங்குல மழை விழுந்தால் அந்த 600 சதுர அடியில் மட்டும் 1,400 லீற்றர் சேரும். உங்கள் காணி வீட்டை நோக்கி இறங்குவதால், ஓடி வரும் தண்ணீர் கராஜுக்குத்தான் போகும். பாதையின் குறுக்கே ஓரடிக்குக் கால் அங்குலம் வீதம் இடப்பக்கம் சாய்வு கொடுங்கள். மழைத் தண்ணீர் பலாவுக்குப் போகட்டும். கராஜ் வாசலுக்கு 3 அடி முன்னால் 6 அங்குல அகலம், 6 அங்குல ஆழத்தில் இரும்புக் கிறேட்டிங் போட்ட குறுக்குக் கான் ஒன்று வேண்டும். அதன் அடித்தளம் 100 அடிக்கு ஓரடி வீதம் இறங்காவிட்டால் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் திறந்து பார்ப்பதும் அதைத்தான்.

கல் பதிக்கும் முன் பாதைக்குக் குறுக்கே இரண்டு 4 அங்குல பிவிசி பைப்பை வெறுமனே புதைத்து வையுங்கள். பிறகு மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ கொண்டுபோகப் பாதையைக் கிண்ட வேண்டியிராது. இந்தப் பைப்பையும் வெட்டும் பகுதியிலேயே வையுங்கள்.

ஒழுங்கையின் அகலத்தை நீங்கள் எழுதவில்லை. 15 அடிக்குக் குறைந்தால் 10 அடிக் கேற்றில் வான் ஒரே திருப்பலில் நுழையாது. கேற்றை 12 அடியாக வைத்து, தூண்களின் வெளி மூலைகளை 3 அடிக்குச் சாய்வாக வெட்டிவிடுங்கள்.

பிலியந்தலையில் மேட்டுக் காணி. வீதியிலிருந்து 30 அடி உள்ளே கராஜ், 5 அடி உயரத்தில். நேராக ஏறும் பாதை போட்டால் காரின் அடி தட்டும் என்கிறார்கள். இடப்பக்கம் வரிசையாக மகோகனி மரங்கள் நிற்கின்றன.
– பிலியந்தலை வாசகர்

30 அடியில் 5 அடி ஏறுவது ஆறுக்கு ஒன்று. கார் ஏறும், ஆனால் தொடங்கும் இடத்தில் முன் பம்பரும் முடியும் இடத்தில் நடு வயிறும் தட்டும். நிழலில் பாசி பிடித்த நாளில் இறங்குவது ஆபத்து.

எட்டுக்கு ஒன்றுக்கு மேல் போகாதீர்கள். கீழே முதல் 8 அடியில் அரை அடி, நடு 32 அடியில் 4 அடி, மேலே கடைசி 8 அடியில் அரை அடி என்று ஏற்றினால் மொத்தம் 48 அடி நீளத்தில் அதே 5 அடி வந்துவிடும். 30 அடித் தூரத்தில் 48 அடி நீளம் வேண்டுமென்றால் பாதை பக்கவாட்டில் ஏறக்குறைய 37 அடி சாய்ந்து போக வேண்டும். ஆகவே கேற் கராஜுக்கு நேரே வரக்கூடாது, காணியின் மற்ற மூலையில் வர வேண்டும். மதில் கட்டுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய விடயம் இது.

சரிவில் குறுக்காகப் போகும் பாதைக்கு ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்ப வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெட்டினால் மரத்துக்குக் கெடுதல், நிரப்பினால் பரவாயில்லை என்று நினைத்து, வெட்டிய மண்ணை மரத்தடியில் கொட்டிவிடுகிறார்கள். அரை அடி மண் மேலே விழுந்தாலே வேருக்குக் காற்று குறைந்து மூச்சு முட்டும். அடிமரம் மண்ணில் புதைந்தால் பட்டை அழுகும். வெட்டும் மண்ணையும் நிரப்பும் மண்ணையும் மகோகனி வட்டங்களுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் தாங்கு சுவர் கட்ட நேர்ந்து, அது 3 அடிக்கு மேல் உயர்ந்தால் பொறியியலாளர் ஒருவரின் வரைபடம் இல்லாமல் கட்டாதீர்கள். சுவரின் அடியில் 4 அல்லது 5 அடிக்கு ஒன்றாகத் தண்ணீர் கசியத் துவாரமும், அதன் பின்னால் மெட்டலும் வேண்டும். கபூக் மண் காய்ந்திருக்கும்போது கல்லாக நிற்கும், ஊறினால் தள்ளும்.

ஏற்றத்துக்குக் கொங்கிரீட்தான் ஏற்றது. 5 அங்குலத் தடிப்பு, விரிசல் கண்டபடி ஓடாமல் இருக்க 10 அடிக்கு ஒரு குறுக்கு வெட்டு. ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குமாறால் குறுக்காகக் கீறிவிடச் சொல்லுங்கள். கரண்டியால் வழுவழுப்பாகத் தேய்த்தால் ஒரு மழைக்காலத்திலேயே சறுக்கும்.

ஹைலெவல் வீதியோரம் எங்கள் காணி. பக்கத்தில் ஒரு சிறு ஒழுங்கையும் உண்டு, மூலைக் காணி. பிரதான வீதிப் பக்கம் கேற் வைத்தால் மதிப்புக் கூடும் என்று அண்ணா சொல்கிறார்.
– பன்னிப்பிட்டி வாசகர்

உங்கள் அண்ணாவிடம் காலை எட்டு மணிக்கு அந்த வீதியில் ஒரு காரைப் பின்னோக்கி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேற் ஒழுங்கைப் பக்கமே வரட்டும், சந்தியிலிருந்து உங்கள் காணி எவ்வளவு தள்ளி இடம் தருகிறதோ அவ்வளவு தள்ளி. ஹைலெவல் வீதி ஏ4 இலக்கத் தேசிய நெடுஞ்சாலை என்பதால், அந்தப் பக்கம் வாசல் வைப்பதென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியும் தேவை. ஒழுங்கைப் பக்கமென்றால் உள்ளூராட்சி மன்றத்தோடு முடியும். எந்தப் பக்கமானாலும் வீதிக் கோட்டுச் சான்றிதழை முதலில் எடுத்துப் பாருங்கள். வீதி அகலும்போது போகப்போகும் கீற்றில் கேற் தூண் கட்டி, பிறகு உடைத்தவர்கள் பலர்.

ஒழுங்கையிலும் பார்வை முக்கியம். ஓட்டுபவரின் கண் வீதி விளிம்பிலிருந்து 8 அடி பின்னால் இருக்கும். அங்கிருந்து பார்க்க, 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 45 மீற்றர் தூரத்திலேயே தெரிய வேண்டும். உங்கள் ஒழுங்கையில் வேகம் குறைவு. 30 கிலோமீற்றருக்கு 25 மீற்றர் போதும். அந்தப் பார்வைக் கோட்டுக்குள் மதிலும் வேலிச் செடியும் 3 அடிக்கு மேல் உயரக் கூடாது. மரத்தின் அடித்தண்டு மட்டும் நின்றால் தடையில்லை, தாழ்ந்த கொப்புகளை 8 அடி வரை கழித்துவிடுங்கள்.

கேற்றை வீதி விளிம்பிலிருந்து 18 அடி உள்ளே தள்ளினால் கார் வீதியை மறிக்காமல் நின்று திறக்கலாம். அவ்வளவு இடம் விட முடியாதென்றால் தள்ளுக் கேற் போடுங்கள். வெளியே திறக்கும் கேற் வேண்டவே வேண்டாம். உள்ளே பாதையோடு செங்குத்தாக 10 அடி அகலம், 20 அடி நீளத்தில் ஒரு கை விட்டால் கார் உள்ளேயே திரும்பி முகம் பார்த்து வெளியேறும்.

வாசலில் கான் இருக்கிறதா? அதை நிரப்பி மூடாதீர்கள். மன்றம் சொல்லும் அளவில் ஹியூம் பைப்போ கொங்கிரீட் மூடியோ போட வேண்டும். மூடியென்றால் தூக்கித் துப்புரவு செய்யக்கூடிய துண்டுகளாக இருக்கட்டும். உங்கள் வாசலில் அடைத்தால் மேல் வீட்டுக்காரர் வளவில் தண்ணீர் ஏறும்.

வடகிழக்கில்தான் கேற் வர வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொன்னார். அந்த மூலையில் நிற்பது பெரிய ஈரப்பலா. தறிக்கலாமா?
– வத்தளை வாசகி

அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், மரம் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும்கூட. கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி பிரதேச செயலகம் வழியாகப் போகும். பாதைக்கு வேறு இடம் இருக்கும்போது அனுமதி கிடைக்கும் என்று நம்பி வீட்டு வரைபடம் போடாதீர்கள்.

ஆட்கள் நுழையும் சிறு படலையை வடகிழக்கில் வைத்து, வாகனக் கேற்றை மரவட்டத்துக்கு வெளியே தள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். இரண்டு வாசலுக்கும் பலர் சம்மதிப்பார்கள். 4 அடிப் படலைக்கு வெட்டில்லாத நடைபாதை போதும், மரத்துக்கு ஆபத்தில்லை.

தெஹிவளையில் எங்கள் பாதை போட்டு ஆறு வருடம். இன்டர்லொக் கற்களை ஈரப்பலா வேர் தூக்குகிறது. வேரை வெட்டினோம். இப்போது கல் இடுக்கெல்லாம் ஈரப்பலாக் கன்று முளைக்கிறது!
– தெஹிவளை வாசகர்

ஈரப்பலாவின் வேர் காயப்பட்டால் அந்த இடத்தில் கன்று விடும். நாற்று உண்டாக்கவே அப்படிச் செய்வார்கள். இன்னும் வெட்டினால் இன்னும் முளைக்கும். கற்களைக் கழற்றி, கல் தூளை வாரி எடுத்து, வேரின் மேல் மெட்டல் போட்டு அந்த 6, 7 அடியை மெதுவான மேடாக உயர்த்திக் கற்களைத் திரும்பப் பதியுங்கள். முளைகளை இளசிலேயே கையால் பிடுங்குங்கள். ஈரப்பலாக் கொப்பு எளிதில் முறியும். அதன் கீழ் கார் நிறுத்தாதீர்கள்.

நிறுத்துமிடத்தைப் பற்றி வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். தென்னைக்குக் கீழே ஒருநாளும் வேண்டாம்: ஓலையே 15 அடிக்கு மேல் நீளம், தேங்காய் அடிமரத்தோடு நேராக மட்டும் விழாது. மாம்பால் பெயின்றை அரிக்கும். ஜம்பு காய்க்கும் காலத்தில் பாதை முழுக்க நசிந்து வழுக்கும். வேம்பின் நிழல் நல்லது.

ஹோமாகமவில் வீடு கட்டும்போது ஒரு மரத்தையும் வெட்டவில்லை. பாதையும் மரத்திலிருந்து தள்ளித்தான் போகிறது. ஆனாலும் குடிவந்து மூன்றாம் வருடம் பலாவும் மாவும் ஒன்றாகப் பட்டுப்போகின்றன. என்ன காரணம்?
– ஹோமாகம வாசகி

நீங்கள் அனுப்பிய படத்தில் சீமெந்து இறக்கிய கொட்டில் பலாவுக்குக் கீழே இருக்கிறது. லொறிகள் அங்கேதான் வந்து திரும்பியிருக்கின்றன. ஈர மண்ணில் மெட்டல் லொறி நாலைந்து தரம் ஏறி இறங்கினால் போதும், மண் செங்கல்போல் இறுகிவிடும். மழை கீழே போகாது, காற்றும் போகாது. கொங்கிரீட் கலந்த தண்ணீரையும் அங்கேயே கழுவி ஊற்றியிருந்தால் இன்னும் மோசம்.

சோதித்துப் பாருங்கள். மழை விட்ட மறுநாள் மரத்திலிருந்து 8 அடியில் அலவாங்கைக் கையால் அழுத்துங்கள். நல்ல மண்ணில் ஒரு சாண் இறங்கும். நான்கு விரல்கூட இறங்காவிட்டால் இறுக்கம்தான் காரணம். பிறகு சிறு மண்வெட்டியால் ஓரிடத்தில் மெதுவாக விலக்கிப் பாருங்கள். பலாவின் உயிருள்ள வேர் செம்மஞ்சள் தோலோடு இருக்கும், நகத்தால் கீறினால் பால் கசியும். தோல் கறுத்து, உரித்தால் கழன்று வருகிறதென்றால் அந்தப் பக்கம் போய்விட்டது.

பாதிக்கு மேல் வேர் உயிரோடிருந்தால் முயற்சி செய்யலாம். வேர் வட்டம் முழுவதும் இரண்டு அடிக்கு ஒன்றாக, 2 அங்குல விட்டம், ஓரடி ஆழத்தில் துளையிட்டு, மக்கிய இலை உரமும் ஆற்று மணலும் கலந்து நிரப்புங்கள். தடித்த வேர் தட்டுப்பட்டால் துளையை நகர்த்துங்கள். மேலே 3 அங்குலம் காய்ந்த இலை பரப்பி, அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மழையில்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். இந்த வருடம் இரசாயன உரம் எதுவும் வேண்டாம். காய்ந்த கொப்புகளை மட்டும், வீட்டுப் பக்கமாக இருப்பதை முதலில், கழித்துவிடுங்கள்.

இனிக் கட்டப்போகிறவர்களுக்கு: அத்திவாரம் வெட்டும் முன்பே வாகனப் பாதையின் கோட்டைக் கயிறு கட்டிக் குறித்து, அதன் மெட்டல் அடுக்கை மட்டும் போட்டுவிடுங்கள். கட்டட லொறியும், பிறகு மலகூடக் குழியை உறிஞ்ச வரும் கலி பவுசரும் அதிலேயே வந்து போகட்டும். வேர் வட்டங்களைச் சுற்றித் தகரமோ கம்பி வேலியோ அடித்து, வேலை முடியும்வரை கழற்றாதீர்கள். மலகூடக் குழியைப் பாதைக்குக் கீழே வைக்காமல், பவுசர் குழாய் எட்டும் தூரத்தில் பக்கத்தில் வையுங்கள். பெக்கோ தெரியாமல் வேரைப் பிய்த்துவிட்டால், அன்றைக்கே கைவாளால் கிழிந்த முனையை நேராக அறுத்து மண்ணால் மூடுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் தடித்த வேர் என்றால் அறுக்கும் முன் வேலையை நிறுத்தி, பாதையை அந்த இடத்தில் உயர்த்த முடியுமா என்று பாருங்கள். கயிறு கட்டிய கோடு மண்ணில் இருக்கும்போதே ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை ஒன்றில் குடையோடு போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கோட்டை மாற்றுவதென்றால் அப்போது கயிற்றை அவிழ்த்துக் கட்டினால் போதும்.